ஒரு நூல்கண்டு இடைவெளி

அலுமினியத் தகட்டைத் தையல் மேசையின் ஓரத்தில் வைத்து, இடது முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டெய்லரம்மா வட்ட அரத்தால் மூன்றாவது ஓட்டையை ராவிக்கொண்டிருந்தாள். ஓட்டை இன்னும் ஒரு நூல் அளவு அகலமாக வேண்டும். அரம் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் பல்லைக் கூசவைக்கும் சத்தம் வந்தது.

கட்டிலில் படுத்திருந்த அவள் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"போதும் நிறுத்து. சத்தம் மாறிடுச்சு."

வால்யூம் திருகியின் கழுத்தை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது.

"கண்ண மூடிக்கிட்டே எப்படிங்க சொல்றீங்க?"

"முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் பார்த்தவன்டி. மொட்டை மாடி மெஷின் ரூம்ல நின்னுக்கிட்டு எந்த மாடியில எந்தக் கதவு உரசுதுன்னு சொல்லுவேன். இந்த ஓட்டை என்ன பிரமாதம்?"

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் முழுசாகச் சொல்லித்தான் நிறுத்தினார். தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். பாதி வழியில் நிற்பது அவருக்கு ஆகாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து அன்றோடு ஆறாவது நாள். குடலில் ஆரம்பித்தது ஈரலுக்குப் போய்விட்டது, இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு லிஃப்ட்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தையல் மெஷின் இருக்கிற ரூம்ல போடுங்க என்றார். கட்டிலை அப்படியே கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் போட்டார்கள். படுத்ததும் அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அதுக்கு ஒரு பொட்டி செஞ்சு குடு. நீ தைக்கணும், நான் கேக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல. ஒரே ஒரு தடவை."

அது என்றால் அவருடைய ப்ரீ ஆம்ப்ளிஃபையர். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் ரொம்பச் சின்னச் சத்தத்தைச் சுத்தப்படுத்தி, கொஞ்சம் உயர்த்தி, அலமாரியில் இருக்கிற பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற ஒரு சாண் அகல சர்க்யூட். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவரே ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கிப் பற்றவைத்தது. பற்றவைத்த நாளிலிருந்து அது மகளுடைய பழைய செருப்பு அட்டைப்பெட்டிக்குள்தான் குடியிருந்தது. நல்ல பெட்டி செய்யலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஒன்றை மாற்றத் தோன்றும். மாற்றினால் அளவு மாறும். அளவு மாறினால் பெட்டிக்கு வரைந்த படம் மாறும். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அட்டைப்பெட்டியில் இருந்ததில் ஒரு தொல்லை. டெய்லரம்மா மெஷினை மிதித்தால், மோட்டார் கிளப்பும் மின்சார இரைச்சல் காற்று வழியாக வந்து அந்தச் சர்க்யூட்டில் புகுந்துகொள்ளும். அவருடைய ஹெட்போனில் புல்லாங்குழலுக்கு நடுவே டர்ர்ர் என்று கேட்கும். சுற்றிலும் உலோகத்தால் மூடினால்தான் தடுக்க முடியும். அதனால் அந்த அறையில் தையல் ஓடினால் பாட்டு இல்லை, பாட்டு ஓடினால் தையல் இல்லை. அவர் கையைத் தூக்குவார், இவள் காலை எடுப்பாள். அவசரத் துணி என்றால் இவள் முறைப்பாள், அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாதுவாகக் காத்திருப்பார். யார் யாருக்கு அதிகம் விட்டுக்கொடுத்தது என்பதில் இன்றுவரை இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

கேட்ட அன்றைக்கே டெய்லரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சர்க்யூட்டை அளந்தாள்.

"அகலம் எட்டரை. ஒசரம் ரெண்டே முக்கால். லூஸ் எவ்வளவு விடட்டும்?"

"சூடாகும். சுத்தி அரை இன்ச் விடு."

"உடம்பு போடுமா?"

"இனிமே போடாது. நீ தைரியமா வெட்டு."

அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருந்தார். அளவைக் கொடுத்ததும் மறு பேச்சில்லாமல் அலுமினியத் தகட்டை வெட்டி மடித்து, மூடியும் போட்டு, நேற்று அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மூடியை மூடிக் காட்டி, "நகம் நுழையுதா பாருங்க" என்றார். நுழையவில்லை. லிஃப்ட்காரர் படுத்தபடியே மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ மனுஷன்யா" என்றார். கீழ் ஓரத்தை உள்பக்கமாக மடித்துத் தனியாகக் கொடுத்த முன் தகட்டில் ஓட்டை போடும் வேலையை மட்டும் டெய்லரம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காஜா எடுப்பதை வெளியே கொடுக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை.

இப்போது மூன்று ஓட்டைகளும் முடிந்துவிட்டன. ஒன்று சிவப்பு விளக்குக்கு, ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று வால்யூமுக்கு. தகட்டைத் துடைத்து, அதில் ஒட்டியிருந்த அவர் வரைந்த தாளை உரித்துவிட்டு, பெருமையோடு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

லிஃப்ட்காரர் பார்த்தார்.  பிறகு போர்வை லேசாகக் குலுங்கியது.

"என்ன சிரிக்கிறீங்க?"

"நான் எங்க சிரிச்சேன்?"

"வயிறு குலுங்குது."

"டெய்லரம்மா, தாளை எந்தப் பக்கம் ஒட்டின?"

"உள்பக்கம். ஏன்?"

"வால்யூம் எந்தப் பக்கம் வந்திருக்கு பாரு."

தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு முறை திருப்பினாள். கீழ் ஓரம் மடித்திருந்ததால் திருப்பியோ தலைகீழாகவோ மாட்ட வழியில்லை. வலது ஓரத்தில் இருக்க வேண்டிய வால்யூம் இடது ஓரத்தில் இருந்தது. விளக்கு அந்தக் கோடிக்குப் போய்விட்டது. முகம் சுண்டிப்போயிற்று அவளுக்கு.

"துணின்னா உள்பக்கம்தானேங்க குறி போடுவோம்? வெளிப்பக்கம் சாக்பீஸ் தெரிஞ்சா எவ வாங்குவா?"

"அது சரி. ஆனா இது துணியா?"

"என் கைக்கு வந்தா எல்லாம் துணிதான்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "பட்டறைக்கு ஓடிப் போயி வேற தகடு வெட்டிட்டு வர்றேன். சாயந்திரத்துக்குள்ள முடிச்சிரலாம்."

சாயந்திரம் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். 

அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். பல் டாக்டர். தன் கிளினிக்கை ஒரு வாரத்துக்குப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியே நல்லது என்று முதல் இரண்டு நாள் வாதாடினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் அறையில் தகடு ராவுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, தூள் பறக்குது. அப்பாவுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது."

"ஓட்டைய அடைக்கிற தொழில் உனக்கு" என்றார் லிஃப்ட்காரர். "ஓட்டை போடுறவங்களப் பாத்தா ஆகாது."

"பேசாம படுங்கப்பா."

"படுத்துக்கிட்டுத்தானே பேசறேன்." அவர் இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தார். ஆஸ்பத்திரி ஊசிகளில் வலது கை மணிக்கட்டு வரை வீங்கி, சுவர்ப் பக்கமாகத் தலையணை மேல் கிடந்தது. "உலகத்துல எல்லா ஆம்ப்ளிஃபையருக்கும் வலது பக்கம். நம்ம வீட்டுதுக்கு இடது பக்கம். இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இப்ப சொன்னபடி கேக்கிறது இந்த ஒரு கைதானே. ஸ்டூலை இங்க போடு."

டெய்லரம்மா ஸ்டூலைக் கட்டிலின் இடது பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அவர் கையை நீட்டினார். வால்யூம் இருக்க வேண்டிய இடத்துக்கு விரல் சுலபமாகப் போனது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் வேலை அதோடு தீரவில்லை. வால்யூம் இடம் மாறியதால் அதற்குப் போகிற மூன்று ஒயர்களும் இரண்டு இன்ச் நீளம் குறைந்தன. ஒட்டுப் போட வேண்டும். பற்றவைக்கும் கோலை அவள் இதற்கு முன் தொட்டதே இல்லை. அவர் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல அவள் செய்தாள். முதல் ஒயர் கழன்று விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது.  கேட்டு முடிக்கும் முன் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அவளுக்கு. காலையிலிருந்து அவர் தண்ணீர்கூட இரண்டு மடக்குத்தான் குடித்திருந்தார்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பையிலிருந்து நுனி மெலிந்த இடுக்கி ஒன்றை எடுத்து, இரண்டு ஒயர் நுனிகளையும் சேர்த்துப் பிடித்தாள். அவள் கை அசையவே இல்லை.

"இப்ப வை அம்மா. கோலை ஒயர்ல வை, ஈயம் தானா உருகும். ஆங்... எடுத்துடு."

"நீ இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"அப்பா பக்கத்துல உக்காந்துதானே வளர்ந்தேன்? நீ மெஷினை விட்டு எந்திரிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பேச்சைப் பாரு" என்றாள் டெய்லரம்மா. ஆனால் உள்ளே குளிர்ந்துபோயிற்று.

மூன்று ஒயரும் பிடித்துக்கொண்டன. ஒட்டுப் போட்டது அசிங்கமாக இருக்கிறது என்று அவள் குறைப்பட்டாள்.

"உள்பக்கம்தானே" என்றார் லிஃப்ட்காரர். "எவ பாக்கப் போறா?"

பெட்டியின் அடியில் கால்களுக்கு நான்கு பெரிய கோட்டுப் பொத்தான்களை ஒட்டினாள். சர்க்யூட்டை உள்ளே வைத்து, முன் தகட்டைப் பொருத்தி, மூடியை வைத்து நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கினாள். செருப்பு அட்டைப்பெட்டியை மடக்கி மேசைக்கு அடியில் தள்ளினாள். ஸ்டூல் மேல் பெட்டி உட்கார்ந்ததும் மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். வால்யூம் இடது பக்கம் இருந்தாலும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சுவிட்சைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

மணி மூன்று இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் மெஷின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மகள் அப்பாவின் தலையைத் தூக்கி ஹெட்போனை மாட்டிவிட்டாள். புல்லாங்குழல் தட்டைப் போட்டு ஊசியை வைத்தாள். அவர் இடது கை வால்யூமைத் தொட்டு, கொஞ்சம் திருகி, நின்றது. கண் மூடிக்கொண்டது.

டெய்லரம்மா மெஷினில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நீலப் பாவாடைகள் ஆறு, ஓரம் அடிக்கக் காத்திருந்தன. துணியை ஊசிக்கு அடியில் வைத்தாள். பெடலுக்கு மேல் கால் போயிற்று, ஆனால் அழுத்தவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் அவ்வளவு லேசில் விடாது.

லிஃப்ட்காரர் கண்ணைத் திறக்காமல் கையை ஆட்டினார். தை என்று அர்த்தம்.

அழுத்தினாள். மெஷின் ஓடியது. பாவாடையின் ஓரம் மடிந்து மடிந்து ஊசிக்கு அடியில் போயிற்று. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தைத்ததில் தையல் கொஞ்சம் கோணியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"தைக்கிறியா?" என்று சத்தமாகக் கேட்டார். ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள்.

"தைக்கிறேன்!"

"பொய் சொல்லாதே!"

அவள் பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார்.

"ஒண்ணுமே கேக்கலடி! குழல் மட்டும்தான் கேக்குது! சுத்தமா இருக்கு!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. ஆறு நாளாகச் சரியாகத் தூங்காதவள், கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து அறைக்குப் போனாள்.

தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. டெய்லரம்மா இரண்டு பாவாடைகளை முடித்தாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவளுக்கு. தட்டைத் திருப்பிப் போட எழுந்து, அதன் மேலிருந்த ஊசியைத் தூக்கினாள்.

"டெய்லரம்மா" என்றார் அவர். குரல் இப்போது தேய்ந்திருந்தது. "மூடியைக் கழட்டு."

"ஏங்க? ஏதாச்சும் சத்தம் வருதா?"

"வரல. அதான்."

அவள் புரியாமல் நின்றாள். அவர் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்திக்கொண்டார்.

"கண்ண மூடினா, நீ இருக்கியா எந்திரிச்சுப் போயிட்டியான்னு தெரிய மாட்டேங்குது. முன்னாடின்னா குழலுக்கு நடுவுல நீ வந்துட்டே இருப்ப. ஒரே சீரா வந்தா ஓரம் அடிக்கிற. விட்டு விட்டு வந்தா காலர். சத்தமே இல்லைன்னா ஊசியில நூல் கோக்குற."

"அடப்பாவி மனுஷா! அந்தச் சத்தத்துக்குத்தானே பதினோரு வருஷமா என்கிட்ட மல்லுக்கு நின்னீங்க?"

"நின்னேன். இல்லைன்னா சொன்னேன்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "பொட்டி நல்லா வந்திருக்கு. அதுல ஒரு குத்தமும் இல்ல. முழுசா எடுக்க வேணாம். கொஞ்சமா தூக்கி வை. குழலும் கேக்கட்டும், உன் சத்தமும் கேக்கட்டும்."

சற்று முன்தான் முடுக்கிய நான்கு திருகாணிகளையும் அவள் கழற்றினாள். மூடியின் முன் பக்கத்தைத் தூக்கினாள். முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். மேசையைத் துழாவி, பாதி தீர்ந்த நீல நூல்கண்டு ஒன்றை எடுத்து நிற்கவைத்தாள். மெஷினை ஒரு மிதி மிதித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு... ஆ. அங்கதான். இரு."

தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஊசியை வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். மூன்றாவது பாவாடை. மெஷின் ஓடத் தொடங்கியதும் அவருடைய இடது கை வால்யூமை இன்னும் கொஞ்சம் திருகியது. உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து தங்கியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆனவளுக்கு இந்த வயதில் என்ன வெட்கம் என்று நினைத்துக்கொண்டே தைத்தாள். சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்க அவசியம் இல்லை, பார்க்க வேறு யாரும் இல்லை.

நான்காவது பாவாடையின் ஓரத்தில் பாதி தூரம் போனபோது பக்கவாட்டில் பார்த்தாள். அவர் கை வால்யூமிலிருந்து நழுவி விரிப்பின் மேல் உள்ளங்கை தெரியக் கிடந்தது. போர்வை அசையவில்லை. தைத்துக்கொண்டே இன்னொரு முறை பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள். அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கால் பெடலை விடவில்லை. விட்டால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அவர் காதில் அவள் எழுந்து போய்விட்டதாக ஆகிவிடும். பாவாடையின் ஓரம் வட்டமானது. ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரே சீராக, சுற்றி வந்து, முதல் தையலைத் தொட்டு, இரண்டு தையல் முன்னும் பின்னுமாகப் போட்டு இறுக்கினாள். நூலைக் கத்தரித்தாள். பிறகுதான் காலை எடுத்தாள்.

அவர் பக்கத்தில் போய் நெற்றியைத் தடவினாள். சூடு இன்னும் இருந்தது. ஹெட்போனைக் கழற்றித் தலையணையில் வைத்தாள்.

"பாப்பா" என்று கூப்பிட்டாள். "எந்திரிச்சு வாம்மா."

மறுநாள் காலையில் வீடு கொள்ளாத கூட்டம். வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர் வேலை பார்த்த கட்டடங்களின் காவலாளிகள் வந்தார்கள். ஒருமுறை தான் லிஃப்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டபோது, வெளியே நின்று லிஃப்ட்காரர் கதவு திறக்கும்வரை வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டே இருந்ததை ஒருவர் எல்லோருக்கும் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு டெய்லரம்மாவைப் பார்த்துச் சங்கடப்பட்டார்கள். அவளும் சிரித்ததைப் பார்த்ததும் அவர்களுக்கு நிம்மதியாயிற்று.

பட்டறைக்காரர் கட்டில் ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவரின் கண் ஸ்டூல் மேல் போயிற்று. பெட்டியின் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. முன்னால் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, மூடி உக்காரலையா?" குரல் தாழ்ந்திருந்தாலும் தொழில்காரரின் மனத்தாங்கல் அதில் இருந்தது. "நகம்கூட நுழையாம மடிச்சுக் குடுத்தேனே. எங்கயாச்சும் கோணிடுச்சா?"

"கோணலண்ணே. நல்லா உக்காந்துச்சு. அவரு மூடி வச்சுக் கேட்டாரு, சுத்தமா இருக்குன்னாரு."

"அப்புறம் ஏன் இப்படி நிக்குது?" மூடியை அழுத்தி வைக்கக் கை நீட்டினார்.

"விடுங்கண்ணே" என்றாள் டெய்லரம்மா. "அது அவரு சொன்ன அளவு."

பட்டறைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். நூல்கண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் விளங்காவிட்டாலும் தலையாட்டினார்.

பத்து மணிக்கு அவரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாளும் ஆட்கள் வந்துபோனார்கள். மூன்றாம் நாள் காலை வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். மகள் கட்டில் விரிப்பை மாற்றப் போனவள், தலையணையையும் ஹெட்போனையும் பார்த்துவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பெட்டியில் சிவப்பு விளக்கு அன்று எரிய ஆரம்பித்ததுதான், அதையும் அலமாரியில் இருந்த ஆம்ப்ளிஃபையரையும் அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

டெய்லரம்மா குளித்துவிட்டு வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, இப்பவேவா? அந்த யூனிஃபார்மை வேற யாருகிட்டயாவது குடுத்துடலாமே."

"ரெண்டுதான் பாக்கி. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது. பிள்ளைங்க என்னத்தைப் போட்டுக்கிட்டுப் போகும்?"

 மகள் காப்பி போட உள்ளே போனாள்.

டெய்லரம்மா ஐந்தாவது பாவாடையின் ஓரத்தை மடித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். பெடலுக்கு மேல் காலைக் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அழுத்தினாள்.

தலையணையில் கிடந்த ஹெட்போன் மெல்ல டர்ர்ர் என்றது. அவள் ஒரே சீராகத் தைத்துக்கொண்டு போனாள்.